பெயர் வைத்துக்கொள்ளும் கலை: கோவன்ட் கார்டன் தெருக்கலைஞர்கள்

இன்னைக்கு லண்டனுக்குப் போறோம். கோவன்ட் கார்டன் சதுக்கம். உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒருவர் ஏறி, கத்திகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார். சுற்றுலாப் பயணிகள் சுற்றி நின்று ஃபோனில் படம் எடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் அந்தக் கூட்டம் கலைந்துவிடும், திரும்ப வராது. அப்படிப்பட்ட கூட்டத்திடம் ‘நான் யார்’ என்பதை ஒரு தெருக்கலைஞர் எப்படிச் சொல்வார்? பதில் தேட 1662-க்குப் போகணும்.

அந்த வருடம் மே 9. சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி, இங்கே ஓர் இத்தாலியப் பொம்மலாட்டம் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதுகிறார். ‘மிஸ்டர் பஞ்ச்’ என்ற புகழ்பெற்ற பொம்மைக்கு அந்தத் தேதியைத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆட்டியவர் பெயர் பியெத்ரோ ஜிமோண்டே. ஆனால் லண்டனில் அவர் ‘சின்யோர் பொலோன்யா’. பொலோன்யா அவருடைய ஊர். யோசிச்சுப் பாருங்க: சொந்த ஊரில் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பும் இல்லை, அங்கே எல்லாருமே பொலோன்யாக்காரங்கதான். அந்நியர்கள் நடுவில்தான் அதுக்கு விலை. அதே அக்டோபரில் மன்னர் இரண்டாம் சார்லஸ் முன்னால் ஆடி, 25 பவுண்டு மதிப்புள்ள தங்கச் சங்கிலியும் பதக்கமும் வாங்கினார்.

காலப்போக்கில் இத்தாலியப் ‘புல்சினெல்லா’ சுருங்கி ‘பஞ்ச்’ ஆனது. நூலில் ஆடிய பொம்மை கையில் மாட்டும் பொம்மையானது. மேடையையே தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். ஆட்டுபவர்கள் தங்களைப் ‘புரொஃபசர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்த பட்டம் இல்லை, அவங்களே எடுத்துக்கிட்டது! பஞ்சின் கீச்சுக்குரலுக்காக வாய்க்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொள்வார்கள். அதைச் செய்யும் விதம் தொழில் ரகசியம். போலி பட்டம், ரகசியக் குரல். இரண்டும் சேர்ந்து, காசுக்குக் கை நீட்டுபவன் என்ற பார்வையைத் தள்ளி, வித்தை தெரிந்தவன் என்ற பார்வையைக் கொண்டுவந்தன.

1974 வரை கோவன்ட் கார்டன் லண்டனின் பெரிய காய்கறி, பழ, பூச் சந்தை. சந்தை நைன் எல்ம்ஸ் பகுதிக்கு இடம் மாறியது. பழைய கட்டடங்களை இடிக்கும் திட்டத்தை அங்கே வாழ்ந்த மக்கள் போராடித் தடுத்தார்கள். 1980-ல் அந்தச் சந்தைக் கட்டடம் கடைகளோடு மறுபடி திறந்தது. வியாபாரிகள் இருந்த இடத்தில் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் எடி இஸார்ட் போன்றவர்கள் தெருவில் ஆடிப் பழகியதும் இங்கேதான்.

செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் முன்னால் யார், எப்போது ஆடுவது என்பதைக் கலைஞர்களே பேசி முறை வைத்துக்கொள்கிறார்கள். 2021-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி தெருக்கலைஞர்களுக்கு உரிமம் கொண்டுவந்தது. இந்தச் சதுக்கத்துக் கலைஞர்கள் அதை ஏற்கவில்லை. கூட்டம் சேர்ந்து வழி அடைபடுது, சத்தம் தாங்கலை என்று சொல்பவர்களுக்கும் நியாயம் இருக்கு. ஆனால் கலைஞர்களுக்கு அது வெறும் விண்ணப்பப் படிவம் இல்லை. நான் கலைஞன் என்று முடிவு பண்றது யார்? கூடி நிற்கும் கூட்டமா, சக கலைஞர்களா, அலுவலகமா? சின்யோர் பொலோன்யாவும் புரொஃபசர்களும் தங்கள் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள். அந்த உரிமைதான் இங்கே பேச்சு.

கடைசியா ஒண்ணு. அந்தத் தேவாலயச் சுவரில் 1662 ஆட்டத்தைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கின்றன. பஞ்சின் பெயர் இருக்கு. பார்த்த பீப்ஸின் பெயர் இருக்கு. ஆட்டியவர் பெயர் மட்டும் இல்லை.

அடுத்த முறை எங்கேயாவது தெருக்கலைஞர் ஒருவர் முன்னால் நின்னீங்கன்னா, தொப்பியில் காசு போட்டுட்டு அவர் பெயரையும் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.