கடைசி ரீடர் எங்கே நிற்கிறது? படைத்தளவாட வழங்கலில் வானலை அடையாளமும் காத்திருப்பு நாளின் அளவீடும்

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியதும் அமெரிக்கா சவுதி அரேபியாவில் படை குவிக்கத் தொடங்கியது. 1991இல் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 40,000 கொள்கலன்கள் போர்முனைக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே திறந்து பார்க்க வேண்டியிருந்தது. தான் கேட்ட உதிரிபாகம் துறைமுகத்தில் கிடக்கிறதா, கப்பலில் வருகிறதா, கிடங்கைவிட்டே கிளம்பவில்லையா என்று தெரியாத படைப்பிரிவு, அதே பாகத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டு எழுதியது. ஒவ்வொரு மறுகோரிக்கையும் குவியலை உயர்த்தியது. தளவாடத் துறையினர் அதை ‘இரும்பு மலை’ என்றே குறிப்பிட்டார்கள்.

இந்த அனுபவத்திலிருந்துதான் வானலை அடையாளத் தொழில்நுட்பம், அதாவது ஆர்.எஃப்.ஐ.டி., அமெரிக்கப் படைத்தளவாடத்துக்குள் நுழைந்தது. ‘எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விக்கு விடை தேடி அதை வாங்கினார்கள். ‘எத்தனை நாள் காத்திருந்தது, எந்த இடத்தில்?’ என்ற கேள்விக்குத்தான் அது மேலும் பயனுள்ள விடை தரும் என்பதும், அந்த விடை நம்பத்தக்கதாக இருக்கவேண்டுமானால் டேக் என்ற அடையாள வில்லையைப் படிக்கும் கடைசி ரீடர், பொருளைக் கேட்டவரின் வாசலில் நிற்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொழில்நுட்பத்தில் இருவகை உண்டு. நம் சுங்கச்சாவடிகளில் காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை ரீடர் படிப்பதைப் பார்த்திருக்கிறோம். அதில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் அலையின் ஆற்றலைக்கொண்டே தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். எட்டும் தொலைவு சில மீட்டர்தான். உலோகமும் திரவமும் அருகில் இருந்தால் தடுமாறும். படைக் கொள்கலன்களின் கதவில் பொருத்துவது மற்றவகை. அதில் பேட்டரி உண்டு. 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ 100 மீட்டர்வரை பேசும். உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலையே சுமக்கும். கிடங்கு எழுத்தர் டேக்கில் விவரத்தை எழுதிக் கதவில் மாட்டுகிறார். கொள்கலன் வாயிலைக் கடக்கும்போது ரீடர் டேக்கை எழுப்பி, எண்ணையும் நேரத்தையும் மையக் கணினிக்கு அனுப்புகிறது. ஒரு வாயிலில் பதிவான நேரத்துக்கும் அடுத்த வாயிலில் பதிவான நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஆய்வாளருக்குக் கிடைக்கும் மூலப்பொருள்.

ஆனால் காத்திருப்பு முதல் வாயிலில் தொடங்குவதில்லை. அமெரிக்கப் படையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 14 எழுத்துக்கள் கொண்ட எண் உண்டு: முதல் ஆறு கேட்ட பிரிவின் அடையாளம், அடுத்த நான்கு தேதி, கடைசி நான்கு வரிசை எண். தேதியில் ஆண்டின் கடைசி இலக்கமும் அந்த ஆண்டின் நாளும் இருக்கும். 3091 என்றால் 2003ஆம் ஆண்டின் 91ஆம் நாள், ஏப்ரல் 1. படைவீரர் கேட்ட நாள் அந்த எண்ணிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. டேக் சுமப்பதோ பெரும்பாலும் சரக்கின் போக்குவரத்து எண்ணை. கோரிக்கை எந்தப் பெட்டியில், பெட்டி எந்தப் பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகையில்), பேலட் எந்தக் கொள்கலனில் என்ற இணைப்பு ஓரிடத்தில் அறுந்தால், கொள்கலன் இருக்குமிடம் துல்லியமாகத் தெரியும். கேட்ட பொருள் எங்கே என்பது தெரியாது. 1991இன் சிக்கல் கணினித்திரையில் மீண்டும் தோன்றிவிடும்.

2003 ஈராக் போரில் நடந்ததும் இதுதான். அதற்கு முந்தைய ஆண்டே, மத்தியக் கட்டளையகத்தின் தளபதி டாமி ஃபிராங்க்ஸ், போர்முனைக்கு வரும் கொள்கலன்களிலும் பேலட்டுகளிலும் டேக் இருக்கவேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். அப்படியிருந்தும், அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அமைப்பான ஜி.ஏ.ஓ. 2003 டிசம்பரில் அளித்த அறிக்கையில், போர்முனைக்கு அனுப்பியதாகப் பதிவான பொருளுக்கும் பெற்றுக்கொண்டதாகப் பதிவான பொருளுக்கும் இடையே 120 கோடி டாலர் வேறுபாடு இருப்பதைச் சுட்டியது. எல்லாச் சரக்கிலும் டேக் மாட்டப்படவில்லை. பயிற்சிபெற்ற ஆட்கள் போதவில்லை. முன்னேறிச் சென்ற தளவாடப் பிரிவுகளுக்குத் தகவல்தொடர்பு வசதியே இல்லை. டாங்கியின் சங்கிலிப்பட்டைத் துண்டுகள், டயர்கள், லித்தியம் பேட்டரிகள், உடற்கவசங்கள் ஆகியவற்றுக்குத் தட்டுப்பாடு வந்ததை அதே அமைப்பு 2005இல் விரிவாகப் பதிவுசெய்தது. சங்கிலிப்பட்டைத் துண்டு கிடைக்காத வண்டி பாலைவனத்தில் நிற்கும். அதற்குள் இருக்கும் வீரர்களும் அங்கேயே நிற்பார்கள். அளவீட்டுப் பிழையின் விலை இதுதான் என்பதால்தான் இதை வெறும் கணினித்துறைச் சிக்கலாக என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த வரலாற்றில் ஆய்வாளருக்கு மிகுந்த பாடம் தருவது கலப்புப் பேலட்டுகளின் கதை. போரின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிடங்குகள் பல பிரிவுகளுக்கான பெட்டிகளை ஒரே பேலட்டில் அடுக்கி அனுப்பின. பேலட் விரைவில் நிறைந்தது. விமானம் விரைவில் கிளம்பியது. கிடங்கின் கணக்கு நன்றாகவே இருந்தது. குவைத்தின் விநியோக மையத்தில் அந்தப் பேலட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியாக முகவரி பார்த்து, மறுபடி அடுக்கவேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பேலட்டுகள் அங்கே தேங்கின. பிறகு ஒரே பிரிவுக்கான பெட்டிகளை மட்டும் ஒரு பேலட்டில் கட்டும் முறை வந்தது. அப்படிக் கட்டுவதற்குப் புறப்படும் இடத்தில் பெட்டிகள் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது. கிடங்கின் அளவுகோலில் இது பின்னடைவு. கேட்டவரின் அளவுகோலில் முன்னேற்றம். கிடங்கு வாயிலில் நிற்கும் ரீடரை மட்டும் நம்பியிருந்தால் சரியான முடிவைத் தவறென்று தள்ளியிருப்பார்கள்.

முதல் பிழை அளக்கும் இடத்தில் இருந்தது; இரண்டாவது பிழை கணக்கு முறையில் இருக்கிறது. பத்துக் கோரிக்கைகளில் ஒன்பது ஐந்து நாளிலும் ஒன்று 65 நாளிலும் வந்ததாகக் கொள்வோம். சராசரி 11 நாள். அந்த 11 நாளை அனுபவித்தவர் ஒருவரும் இல்லை. 1995இல் அமெரிக்கத் தரைப்படை ராண்ட் நிறுவனத்தின் துணையுடன் ‘வெலாசிட்டி மேனேஜ்மென்ட்’ திட்டத்தைத் தொடங்கியபோது, சராசரியை மட்டும் நம்பாமல் இடைநிலை அளவையும், 75, 95 விழுக்காட்டுக் கோரிக்கைகள் நிறைவேற எத்தனை நாள் ஆகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். இது மிகச் சரியான தேர்வு. படைப்பிரிவு இருப்பு வைப்பதும் மறுமுறை கேட்டு எழுதுவதும் வால்பகுதியில் நிற்கும் அந்த ஒரு கோரிக்கையின் அச்சத்தால்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: முடிந்த கோரிக்கைகளை மட்டும் கணக்கில் எடுத்தால், இன்னும் வராதவை, தொலைந்தவை, டேக் படிக்கப்படாதவை எல்லாம் வெளியே நின்றுவிடும். மிக மோசமாகக் காத்திருப்பவர்களே கணக்கிலிருந்து விடுபட்டால் அறிக்கை அழகாகத்தான் தெரியும். ஆகவே முதலில் அளக்கவேண்டியது படிப்பு விகிதத்தை: முந்தைய வாயிலைக் கடந்தவற்றில் எத்தனை அடுத்த வாயிலில் பதிவாயின? இந்த எண் இல்லாத எந்த இடைவெளிக் கணக்கையும் ஆய்விதழ்கள் ஏற்கக்கூடாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஈராக்கில் தட்டுப்பாடு வந்ததற்கு லாரிப் பற்றாக்குறையும், குவைத் எல்லையிலிருந்து பாக்தாத்வரை 500 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுபோன பாதையும், முன்கூட்டிய தேவை மதிப்பீடு பொய்த்ததும் காரணங்கள்; டேக் லாரியைத் தராது. உண்மை. ஆனால் சரக்கு ஓடிய நேரம் எவ்வளவு, நின்ற நேரம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால்தான், இல்லாதது லாரியா, பிரித்து அடுக்கும் ஆளா, கிடங்கில் பொருளேயா என்று சொல்ல முடியும். மூன்றுக்கும் மருந்து வேறு. எதிரி அலையை ஒட்டுக்கேட்கலாம், வெடிபொருளருகே அலை ஆபத்தாகலாம் என்ற அச்சங்களும் நியாயமானவை. வெடிபொருளுக்கென்று தனிச்சோதனை முறை இருக்கிறது.

2005 ஜனவரி முதல் சப்ளையர்கள் பெட்டிகளிலும் பேலட்டுகளிலும் பேட்டரியில்லாத டேக்குகளை ஒட்டவேண்டும் என்ற கொள்கை, பென்சில்வேனியாவின் சஸ்குவஹன்னா, கலிபோர்னியாவின் சான் வாக்கீன் கிடங்குகளில் தொடங்கியது. கொள்கலனுக்கும் பெட்டிக்கும் இடையே அறுந்திருந்த இணைப்பை அது சேர்க்கக்கூடியது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் ஜி.ஏ.ஓ. கண்ட குறை, இலக்குகளும் செயல்திறன் அளவுகோல்களும் கொண்ட முழுத் திட்டம் பாதுகாப்புத் துறையிடம் இல்லை என்பதே. அளக்கும் கருவியை வாங்கியவர்கள் எதை அளப்பது என்று முடிவுசெய்யவில்லை. டேக்கைப் படித்த இடமும் பெருங்கிடங்கின் வாசலாகவே இருந்தது, படைப்பிரிவின் வாசலாக இல்லை.

வழங்கல் சங்கிலியை ஆராயும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சரக்கு சென்றடைந்தது’ என்று ஓர் அறிக்கை சொல்லும்போது, கடைசி ரீடர் எங்கே நின்றது என்று கேளுங்கள். துறைமுகத்திலா, விநியோக மையத்திலா, கேட்ட பிரிவின் கூடாரத்திலா? கோரிக்கை எண்ணில் பொறித்த தேதியிலிருந்து, பெட்டி அந்தக் கூடாரத்தில் பதிவாகும் நேரம்வரை நாட்களை எண்ணுங்கள். வராத பெட்டிகளையும் சேர்த்தே எண்ணுங்கள்.