பயத்தை விற்ற வார்த்தைகள்

போன வாலிபர் முகாமுக்கு நோட்டீஸ் எழுதியபோது, "சில இடங்களே மீதம்" என்று போட்டோம். உண்மையில் பாதி இடங்கள் காலியாக இருந்தன. நல்ல காரியத்துக்குத்தானே என்று நினைத்தோம். அதன் பின்பு வாசித்த ஒரு விளம்பரத்தின் சரித்திரம் எங்களை யோசிக்க வைத்தது.

1879இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் ஜோசப் லாரன்ஸ் ஒரு கிருமிநாசினி தயாரித்தார். அறுவைச் சிகிச்சையில் கிருமிகளை ஒழிக்க வழிகாட்டிய ஜோசப் லிஸ்டரின் நினைவாக அதற்கு லிஸ்டரின் என்று பெயரிட்டார்கள். 1920களில் லாம்பர்ட் கம்பெனி அதைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யத் தொடங்கியது. மருந்து மாறவில்லை, வார்த்தைகள் மாறின.

வாய் துர்நாற்றத்துக்கு "ஹாலிட்டோசிஸ்" என்ற மருத்துவப் பெயரைத் தேடி எடுத்தார்கள். பெயரைக் கேட்டாலே பெரிய வியாதிபோல் இருந்தது. விளம்பரத்தில் எட்னா என்ற பெண் வந்தாள். தோழிகளுக்கெல்லாம் கல்யாணம் கூடிவருகிறது. முப்பது வயதை நெருங்கும் அவளுக்கு மட்டும் இல்லை. காரணம் வாய் நாற்றம். அது அவளுக்கே தெரியாது, நெருங்கிய சிநேகிதியும் சொல்லமாட்டாள் என்றது விளம்பரம். வாய் நாற்றம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பெண்ணின் தனிமையைக் காட்டிப் பயமுறுத்தியே மருந்தை விற்றார்கள்.

சளியையும் தொண்டைநோவையும் தடுக்கும் என்றும் பல ஆண்டுகள் விளம்பரம் செய்தார்கள். அது சரியல்ல என்று 1975இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தீர்மானித்தது. சுமார் 1 கோடி டாலர் செலவாகும்வரை, "இது சளியைத் தடுக்காது" என்று கம்பெனி தன் விளம்பரங்களிலேயே சொல்ல வேண்டும் என உத்தரவிட்டது. கம்பெனி வழக்காடியது. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவை உறுதிசெய்தது. ஆனால் "முந்தைய விளம்பரங்களுக்கு மாறாக" என்ற தொடக்க வார்த்தைகளை மட்டும் நீக்கிவிட்டது. திருத்தம் வந்தது, முன்பு சொன்னது தவறு என்ற அறிக்கை வரவில்லை.

பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும்படி ஒன்பதாம் கட்டளை நமக்குச் சொல்கிறது. அது நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமல்ல, நோட்டீசுக்கும் பொருந்தும். நம்மில் சிலர் மார்க்கெட்டிங் படிக்கிறோம், சிலர் கடை நடத்துகிறோம். பொருளின் நன்மையை அழகாகச் சொல்லலாம், அதில் பாவமில்லை. ஆனால் வாசிப்பவரின் பயத்தைக் கிளறி அவரை இழுக்கிறோமா என்று எழுதுமுன் கேட்டுக்கொள்வோம்.

அடுத்த முகாமுக்கும் இடங்கள் நிறைய உண்டு. வாருங்கள், போனமுறை நாங்கள் எழுதியது உண்மையல்ல.