மொறிஸ் மைனரும் மூடிய பொருளாதாரமும்

கொட்டாஞ்சேனையில் எங்கள் நண்பன் ஒருவனுடைய பெரியப்பாவிடம் 1957ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. ஓடுகிறது என்று எழுதத்தான் ஆசை. போன மாதம் முழுக்க அது வீட்டு முற்றத்தில்தான் நின்றது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் காய்ச்சல்காரன் மாதிரி உதறும், ஏற்றத்தில் இழுக்காது. வீட்டில் எல்லாரும் "வித்துப்போட்டு விடுங்கோ" என்று நிற்க, பெரியப்பா மட்டும் "முதல்ல என்ன வருத்தமெண்டு பாப்பம்" என்றார். கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற நாங்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்கப் போனோம்.

அவர் ஸ்பனரைத் தொடவே இல்லை. சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுத்தார்.

"பெற்றோல் பம்ப் டிக் டிக் எண்டு அடிக்குது, கேக்குதா? நிரம்பினதும் நிக்கோணும். நிக்காட்டி எங்கயோ ஒழுகுது, இல்லாட்டித் தாங்கியில பெற்றோல் இல்லை. அடிக்கவே இல்லையெண்டா பொயின்ற் ஒட்டிப்போச்சு."

டிக் டிக் நின்றது. பெற்றோல் சரி. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றாம் வயரைக் கழற்ற உதறல் கூடியது. அப்படியென்றால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. நாலாவதும் அப்படியே. இரண்டையும் மூன்றையும் கழற்றியபோது எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டும் சும்மா இருந்து சாப்பிடுகின்றன! ஆனால் அந்த இரண்டு பிளக்கிலும் நெருப்புப் பொறி நன்றாகவே வந்தது.

கடைசியாக எங்களுக்குப் பிடித்த கட்டம். சுவிட்சை நிறுத்தி, முன்பக்கத் துளையால் இரும்புக் கைபிடியைச் செருகி எங்களைச் சுற்றச் சொன்னார். இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிப்பது. அரைச் சுற்றுக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் காற்றை அமுக்க, கை இறுக்கத்தை உணர வேண்டும். எங்கள் கைக்கு வந்தது: இறுக்கம், தளர்வு, இறுக்கம், தளர்வு. அடுத்தடுத்து இருக்கிற இரண்டும் மூன்றும் காற்றை விடுகின்றன. "ரெண்டுக்கும் நடுவில ஹெட் கஸ்கட் போயிட்டுது" என்றார். ஒரு நட்டுக்கூடக் கழற்றாமல்.

இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டோம். "எங்க படிக்கிறது? சாமான் இல்லாத காலம் தம்பி" என்றார். மூடிய பொருளாதாரம் பற்றி நாங்கள் விரிவுரையில் எழுதிய பக்கங்களைவிட இந்த மூன்று சொல் தெளிவாக இருந்தது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வந்தது. பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் அதுதான். தேயிலையும் ரப்பரும் காசு கொண்டுவந்த 1950களில் கொழும்பு நடுத்தர வர்க்கத்துக்கு அது எட்டக்கூடிய கனவு. 1960களில் அந்நியச் செலாவணி வற்ற வற்ற இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கத்தில் இன்னும் இறுகியது. 1977 வரை புதுக் காரும் அரிது, புது உதிரிப்பாகமும் அரிது.

இங்கேதான் பாடப்புத்தகம் சொல்லாத ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறோம். சாமான் கிடைக்கிற காலத்தில் மெக்கானிக், "இதை மாத்திப் பாப்பம், சரிவராட்டி அதை மாத்துவம்" என்று போகலாம். ஒரு கஸ்கட்டுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டிய காலத்தில் பிழையாக ஊகிக்க முடியாது. என்ன பழுது என்று முதலில் உறுதியாகத் தெரியவேண்டும். அந்தக் காதும் கையும் பொழுதுபோக்கில் வந்தவை அல்ல. தட்டுப்பாடு கற்பித்தவை. (சிக்கன மரபு, பழமையின் அழகு என்றெல்லாம் இப்போது படம் போட்டு எழுதுகிறவர்கள்மேல் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.) 1990களில் நிலைமை தலைகீழானதும் உண்மை. பாத் நகரில் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயாரின் முயற்சியால், இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே போயின.

காரின் இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. 1957இல் அது கட்டாயமானபோது தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடியது. 1958இல் ஸ்ரீ தகட்டோடு வடக்கே போன பஸ்களில் தார் பூசினார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதத்தில் கலவரம். அந்த மாதங்களில் பெரியப்பாவின் அப்பா இந்தக் காரை வெளியே எடுக்கவேயில்லையாம். புதுக் கார், தார்ப்பாயின் கீழ்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022இல் பெற்றோல் வரிசை, கியூஆர் கோடு. அப்போது பெரியப்பாவைத் தேடி அயலவர்கள் வந்தார்களாம், "ஒருக்கா காது குடுத்துப் பாருங்கோ" என்று.

கஸ்கட் வாங்கப் புறக்கோட்டையிலிருந்து மருதானைப் பக்கமாக நடந்து பஞ்சிகாவத்தைக்குப் போனோம். கடை நானா கேட்ட முதல் கேள்வியிலேயே விழித்தோம்: "948ஆ, 1098ஆ?"

1957 கார் என்றோம், பெருமையாக. அப்படியென்றால் 948 தான். 1098 எஞ்சின் 1962இல்தான் வந்தது. நானா சிரித்தார். "கார் 57. எஞ்சின் எந்த வருசம்?" சாமான் இல்லாத காலத்தில் ஒரு காரின் எஞ்சின் இன்னொன்றுக்குப் போவது சாதாரணமாம். சின்னக் கஸ்கட்டைப் பெரிய துளைக்குப் போட்டால் விளிம்பு எரிந்து போகும். டைனமோவுக்கு மேலே எஞ்சினில் ஒரு சின்னத் தகடு இருக்கும், இலக்கம் 9இல் தொடங்குதா 10இல் தொடங்குதா என்று பார்க்கச் சொன்னார்.

பெரியப்பாவுக்குப் போன் எடுத்தோம். "அது அப்பா எடுத்த நாள் தொட்டு அதே எஞ்சின்தான், 948 வாங்குங்கோ" என்றார். "ஒருக்கா தகட்டைப் பாருங்கோ பெரியப்பா" என்றோம். ரோர்ச் தேடினார், எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்தார், எங்களுக்கு எல்லாம் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"பத்து" என்றார்.