காந்தளூர் மரியாதை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை அடுத்த வலியசாலையே பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடம் என்பது நெடுநாள் வழக்கு. விழிஞத்தை ஒட்டி அதைத் தேடும் ஆய்வாளர்களும் உண்டு. சாலை என்றது, சட்டர் எனப்பட்ட வேத மாணவர் உண்டு உறைந்து கற்ற நிலையத்தை.

ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866 அளவில் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் விண்ணகரம் எடுத்து, 95 சட்டர்க்குச் சாலையும் நிறுவி வெளியிட்ட செப்பேடு, அச்சாலை காந்தளூர் மரியாதைப்படி, அதாவது காந்தளூரில் நிலவிய நடைமுறைப்படி, இயங்க வேண்டும் என்கிறது. பவிழிய சரணத்தார்க்கு 45, தைத்திரியர்க்கு 36, தலவகாரர்க்கு 14 என இடங்களைப் பிரித்து (சரணம் என்பது ஒரு வேதக் கிளையை ஓதும் மரபினர் குழு), சேர வருவோர்க்கு வியாகரணத்திலும் மீமாம்சையிலும் புரோகிதத்திலும் தேர்ச்சி வேண்டும் என்று வரையறுத்து, பூசலிடுவோர்க்குத் தண்டமும் விதித்து, அவைக்குப் படைக்கலம் கொண்டு வருவதையும் அது தடுக்கிறது.

இத்தனை நுணுக்கமாக எழுதிய பின்பும் முன்மாதிரி ஒன்றைப் பெயர் சுட்டியதே இச்செப்பேட்டின் மிகச் சிறந்த கூறு எனலாம். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற கற்பனைப் பாத்திர ஆட்டங்களில், விதிநூல் பேசாத இடத்தில் தீர்ப்புச் சொல்லும் நடுவருக்கு வரும் இடர், சபையாருக்கும் வந்திருக்கும். அப்போது தம் விருப்பத்தை அன்றி, எல்லாரும் அறிந்த வேறோர் இடத்து வழக்கத்தை அளவுகோலாகக் கொள்ள அப்பெயர் வழிவிட்டது.

சேரநாட்டுக் கோயில்களும் இம்முறையைக் கையாண்டன: திருமூழிக்களத்துச் சபையார் தம்மைக் கட்டுப்படுத்திச் செய்த கச்சம், அதாவது உடன்படிக்கை, பிற ஊர்க் கல்வெட்டுகளிலும் எடுத்தாளப்பட்டு, அங்கு விதி மீறியோர் மூழிக்களக் கச்சத்தைப் பிழைத்தவராகவே கருதப்பட்டனர்.