சைதாப்பேட்டைப் பண்ணையும் வெங்காயப் பாத்தியும்

சென்னைக்கு வருகிறவர்கள் தியாகராய நகர் கடைவீதியைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. அந்தக் கடைவீதி நிற்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரி அது. 1920-களில்தான் மாம்பலம் பக்கத்தைத் தூர்த்து நகரம் கட்டினார்கள். அதற்கு முன்பு அங்கெல்லாம் வயலும் தோப்புந்தான்.

அந்த ஏரியின் தென்கோடியில், அடையாற்றை ஒட்டிய சைதாப்பேட்டையில், 1860-களில் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு சோதனைப் பண்ணை வைத்தது. கவர்னர் வில்லியம் டெனிசன் காலத்து ஏற்பாடு அது. பண்ணையோடு விவசாயப் பள்ளிக்கூடமும் வந்தது. கோவையில் இருக்கிற நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1868-இல் சைதாப்பேட்டையில் பிறந்ததாகவே தன் வரலாற்றைச் சொல்லிக்கொள்கிறது.

பண்ணைக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? நீராவிக் கலப்பை, விதைக்கும் கருவி, கதிரடிக்கும் எந்திரம்! எல்லாம் சீமைச் சரக்கு. இரண்டு மாடும் ஒரு மரக்கலப்பையும் வைத்திருந்த நம்ம குடியானவருக்கு அவை எட்டவில்லை. பண்ணையை நெடுங்காலம் நடத்திய ராபர்ட்சன் என்ற அதிகாரி, மண்ணுக்கு எரு வேணும், மாட்டுக்குத் தீவனம் வேணும் என்ற பக்கம் கவனத்தைத் திருப்பினார். சரியான கேள்வி அதுதான். பயிர் எடுத்துக்கொண்டு போனதை மண்ணுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அந்தக் கேள்விக்குச் சீமையில் பாதி விடை கிடைத்திருந்தது. 1842-இல் லாஸ் என்பவர், பாஸ்பேட் சரக்கைக் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்ய உரிமம் வாங்கினார். மணிச்சத்து மூட்டையில் வந்தது அப்படித்தான். நம் நாட்டிலோ எலும்பு கப்பலேறிக்கொண்டிருந்தது, சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது. 1889 முதல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த வோல்க்கர் என்ற வேதியியல் அறிஞர், 1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில் இந்த இரண்டு இழப்பையும் எடுத்துச் சொன்னார். இந்தியக் குடியானவன் தொழில் தெரியாதவன் என்ற பேச்சையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

1906-இல் இரண்டு காரியம் நடந்தது. சைதாப்பேட்டைப் படிப்பு கோவைக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டு ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் ஆலை தொடங்கினார்கள். இந்தியாவின் ரசாயன உரத்தொழில் அங்கேதான் ஆரம்பம். கோவையில் 1909-இல் ஒரு நிரந்தர உரச் சோதனை போட்டார்கள். ஒரு பாத்திக்கு ஒன்றுமில்லை, ஒன்றுக்குத் தனிச்சத்து, ஒன்றுக்குக் கூட்டுச்சத்து, ஒன்றுக்குத் தொழு உரம் என்று, வருஷா வருஷம் அதே பாத்திக்கு அதே உரம். அது சொல்லும் பாடம் ஒரு வரிதான்: ஒரு சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் மண்ணு நிற்காது.

தழைச்சத்து பிந்தி வந்தது. காற்றிலிருந்து அதைப் பிடித்து உரமாக்கும் ஆலை 1913-இல் ஜெர்மனியில் ஓடத் தொடங்கியது. நம் பக்கத்தில் 1947-இல் ஆலுவா, 1966-இல் நெய்வேலி, 1971-இல் மணலி, 1975-இல் தூத்துக்குடி என்று வரிசையாக ஆலைகள் வந்தன. வானொலியும் வயலுக்குள் வந்தது. ஆடுதுறை 27 நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே தஞ்சாவூர்க்காரர்கள் கூப்பிட்டார்கள். ‘தழை, மணி, சாம்பல்’ மூன்றும் கிராமத்துப் பேச்சாயிற்று.

அப்புறம் தராசு சாய்ந்தது. 1992-இல் மணி, சாம்பல் உரங்களுக்கு விலைக்கட்டுப்பாடு போனது. 2010-இல் வந்த மானியத் திட்டமும் யூரியாவைத் தனியாகக் கட்டுப்பாட்டிலேயே விட்டது. யூரியா மலிவு, மற்றது கிராக்கி. கை எந்த மூட்டைக்குப் போகும்? சொல்லவே வேண்டாம்.

இதன் விளைவை வெங்காயம்போலக் காட்டிக்கொடுக்கும் பயிர் வேறில்லை. வெங்காயக் காய் என்பது தாளின் அடிப்பாகம் பருத்து, மடல்மேல் மடலாகத் திரண்டதுதான். ஆகவே ஆரம்பத்தில் தாள் வளரத் தழைச்சத்து கட்டாயம் வேணும். ஆனால் காய் திரளும் சமயத்திலும் யூரியாவைத் தூவினால், தாள் வளர்ந்துகொண்டே போகும். கழுத்து தடிக்கும், தாள் சாயாது, முற்றுவது தள்ளிப்போகும். பார்வைக்குப் பயிர் கருகருவென்று இருக்கும். பட்டறையில் போட்டால் கழுத்து வழியே அழுகல் இறங்கும். விலை ஏறட்டும் என்று காத்திருந்தவர் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான்.

மணிச்சத்து வேரின் சத்து. வெங்காய வேர் மேலாக ஓடுவது, கிளையும் குறைவு. மணிச்சத்தோ போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. அதனால்தான் அதை முழுக்க அடியுரமாகவே போடச் சொல்கிறோம். ராணிப்பேட்டையில் தொடங்கிய அந்தப் பழைய சூப்பர் பாஸ்பேட்டில் இன்னொரு லாபம் உண்டு. கந்தக அமிலத்தில் செய்ததால் அதில் கந்தகமும் இருக்கிறது. வெங்காயத்தின் காரமும் நெடியும் கந்தகத்தால் வருவதுதானே! டி.ஏ.பி.யில் அது கிடையாது. அதற்காக மணிச்சத்தையும் அளவு மீறிப் போடாதீர்கள். மண்ணில் தங்கித் துத்தநாகத்தைப் பயிருக்குக் கிடைக்காமல் செய்துவிடும்.

சின்ன வெங்காயத்துக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரையை ஏக்கர் கணக்கில் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். தொழு உரம் 10 டன். அடியுரம் யூரியா 26 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 150 கிலோ, பொட்டாஷ் 20 கிலோ. நட்ட 30-ஆம் நாள் மேலுரமாக யூரியா இன்னொரு 26 கிலோ. அத்தோடு யூரியா மூட்டையைக் கட்டி வைத்துவிடலாம். மண் பரிசோதனை செய்தவர்கள் அந்தச் சீட்டுப்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சைதாப்பேட்டைப் பண்ணை இருந்த பக்கமெல்லாம் இன்று வீடும் சாலையுமாகிவிட்டது. அங்கே எழுந்த கேள்வி மட்டும் ஒவ்வொரு பட்டத்திலும் நம் வயலில் எழுந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த மூட்டை மலிவு என்று பார்க்காமல், எந்தச் சத்து குறைவு என்று பார்த்துப் போடுங்கள். பட்டறையில் இருக்கிற வெங்காயம் உங்கள் பேச்சைக் கேட்கும்.