ஆரியசாலை வட்டாரத்து உண்டிச்சாலைகள்

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசர்களையும் அமைச்சர்களையும் பற்றி விரிவாக எழுதுவர். அந்நகரத்து மக்கள் எங்கே உண்டனர், யாருடன் அமர்ந்து உண்டனர், யாரை வெளியே நிறுத்திவிட்டு உண்டனர் என்பவற்றை எழுதுவோர் சிலரே. ஆரியசாலை, வலியசாலை, தைக்காடு, சாலைக் கடைத்தெரு ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு இவ்வாராய்ச்சி மிகவும் வேண்டற்பாலது. ஏனெனில், இவ்வட்டாரத்து உண்டிச்சாலைகளின் வளர்ச்சியில் நம்மவர் கைவண்ணம் உண்டு. நம்மவருள் ஒரு சாரார் பெற்ற சலுகையும் உண்டு. அச்சலுகைக்கு மாறாகப் பொதுப் பந்தி விரித்த பெரியாரும் நம்மவரே. இம்மூன்றையும் அன்பர்களுக்கு, சிறப்பாக நம் இளைஞர்களுக்கு, ஒருங்கே எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சாலை என்னும் சொல்

இன்று 'சாலை' என்றவுடன் வண்டிகள் ஓடும் பெருவழியே நம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் கூடம் என்ற பொருளையும் தரும். அறச்சாலை, பாடசாலை, உண்டிச்சாலை முதலிய தொடர்களில் அப்பொருள் இன்னும் வழங்குகிறது. கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் வேந்தன் கருநந்தடக்கன், இன்றைய குமரி மாவட்டத்தைச் சேர்ந்த பார்த்திவபுரத்தில் திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்தான். அதனுடன், 95 மாணவர் தங்கி உண்டு பயிலுதற்குரிய சாலை ஒன்றையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் நடைமுறையை அச்சாலை பின்பற்ற வேண்டும் என்று அவன் செப்பேடு விதிக்கிறது.

முதலாம் இராசராசனுடைய மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றதும் இக்காந்தளூர்ச் சாலையே. அது வலியசாலையில், இன்று காந்தளூர் மகாதேவர் கோயில் விளங்கும் இடத்தைச் சார்ந்திருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அதனை ஏற்பின், ஆரியசாலைக்கு மிக அண்மையில் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே கல்வியும் உணவும் ஒரே கூரையின்கீழ் வழங்கப்பெற்றன என்பது பெறப்படும். அத்தகைய சாலைகளில் இடம்பெற்றோர் வேதம் பயின்ற சட்டர்களே என்பதையும் நாம் மறத்தலாகாது. அடுப்பு பெரியது, ஆயினும் இலை சிலருக்கே விரிந்தது.

கடைத்தெருவும் நாஞ்சில் நெல்லும்

சாலைக் கடைத்தெருவை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாசர். இன்றைய குமரி மாவட்டத்திற் பிறந்த இவர், தர்மராஜா எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில் 1789-இல் திவானாகப் பொறுப்பேற்றார். ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்த அதே கைகள், கிள்ளியாற்றிற்கும் கோட்டைக்கும் இடையே இக்கடைத்தெருவையும் வளர்த்தன. கரமனை வழியாக வந்த வண்டிகள் நாஞ்சில் நாட்டு நெல்லைச் சுமந்து வந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து பாண்டி நாட்டு மிளகாயும் பருப்பும் வந்தன. சரக்கு வந்த வழியே வணிகரும், கணக்கரும், சமையற்காரரும் வந்தனர்.

திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று நாஞ்சில் நாடு போற்றப்பட்டது. அந்நாட்டோடு ஆரியசாலைக்குள்ள உறவு வாணிகத்தளவில் நின்றதன்று. நவராத்திரிக் காலத்தில் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னூற்றுநங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் எழுந்தருளுகின்றனர். சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், முன்னூற்றுநங்கை செந்திட்டையிலும் தங்க, குமாரசுவாமிக்குரிய இடமாக விளங்குவது ஆரியசாலைக் கோயிலே.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அன்று நம் குடும்பங்களுட் பல, இருந்த வீட்டில் இருந்தவாறே வேற்று மாநிலத்தாராயின. எல்லை மாறியபோதும் அடுக்களை மாறவில்லை.

ஊட்டுப்புரைகள்

இனி, நம் வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம். திருவிதாங்கூர் அரசு பல ஊர்களில் ஊட்டுப்புரைகளை நடத்திவந்தது. தலைநகரில் பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்து அக்கிரசாலை இருந்தது. ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் நிகழும் முறைசெபத்தின்போது பெருந்திரளான வேதியர்க்கு விருந்து நடந்தது. இங்கெல்லாம் விலையின்றி உணவு பெற்றோர் அந்தணரே. பரதேசத்து அந்தணர் என்று வழங்கப்பட்ட தமிழ் அந்தணர் பலர் இந்நாட்டிற்கு வந்து நிலைபெற இதுவும் ஒரு துணையாயிற்று.

உழுதவன் வரி செலுத்தினான். அவ்வரியில் வெந்த சோற்றை அவன் வாயிற்படியில் நின்று காணவும் இயலவில்லை. இம்முறை மனக்கசப்பை வளர்த்ததில் வியப்பில்லை. அரசுப் பதவிகளில் வெளியிலிருந்து வந்தோர்க்கு முதலிடம் தரப்படுவதை எதிர்த்து, 1891-இல் 10,028 பேர் ஒப்பமிட்ட மலையாளி விண்ணப்பம் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. அவ்விண்ணப்பத்தைத் தமிழருக்கு எதிரானது என்று மட்டும் கூறி ஒதுக்குதல் முறையன்று. ஒரு பந்தியில் சிலரை மட்டும் அமர்த்தினால், வெளியே நிற்போர் உள்ளே இருப்போரைப் பகைவராகக் கருதுதல் இயல்பு. புலம்பெயர்ந்து வாழும் நாம் இப்பாடத்தை நன்கு நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும்.

தைக்காட்டில் விரிந்த பந்தி

அக்கசப்புக்கு மருந்து கண்ட பெரியார் ஒருவர் ஆரியசாலைக்கு அடுத்த தைக்காட்டிலேயே வாழ்ந்தார். 1814-இல் தமிழ்நாட்டிற் பிறந்த அய்யாவு சுவாமிகள், 1873 முதல் தைக்காட்டு ரெசிடென்சியில் சூப்பிரண்டு பதவி வகித்தார். யோக நெறியில் வல்லவர். சட்டம்பி சுவாமிகள், நாராயண குரு, அய்யன்காளி ஆகிய மூவரும் இவரை அணுகிப் பயன்பெற்றவர்கள். கேரள நாட்டைத் திருத்திய இம்மூவருக்கும் ஆசானாக விளங்கியவர் தமிழர் ஒருவர் என்பது நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆண்டுதோறும் தைப்பூச நாளில் சுவாமிகள் பந்தி விரித்தார். அப்பந்தியில் அந்தணரும், வேளாளரும், நாயரும், ஈழவரும், புலையர் குலத்தவரான அய்யன்காளியும் அருகருகே அமர்ந்து உண்டனர். தெருவில் நடப்பதற்கே சிலருக்கு உரிமை மறுக்கப்பட்ட காலம் அது. பொது வழியில் வில்வண்டி ஏறிச் சென்றதற்காக 1893-இல் அய்யன்காளி எத்துணை எதிர்ப்பைத் தாங்க நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரே வரிசையில் இலை போடுதல் எத்துணைத் துணிவான செயல் என்பது விளங்கும். மேற்குலத்தார் சுவாமிகளை இழிசொற்களால் ஏசினர். சுவாமிகளோ பந்தியை நிறுத்தவில்லை. 1909-இல் அவர் மறைந்தார். சேராயி என்னும் ஊரில் சகோதரன் அய்யப்பன் 1917-இல் நடத்திய கலப்பு விருந்தைக் கேரள வரலாறு போற்றுகிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தைக்காட்டில் அவ்வறம் நடைபெற்றது.

சுவாமிகளோடு நெருங்கிப் பழகியவருள் ஒருவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரத்தில் சைவப்பிரகாச சபை எழுந்ததும் இவர்களுடைய முயற்சியாலேயாம். 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்திற் காணும் தமிழ்த்தெய்வ வணக்கமே 1970 முதல் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்தாக விளங்குகிறது. விழா மேடைகளில் நாம் எழுந்து நின்று பாடும் அவ்வாழ்த்து இந்நகரத்தில் வாழ்ந்த ஒருவரின் வாக்கு என்பது நமக்குப் பெருமிதம் தருவதாகும்.

காசு கொடுத்து உண்ட காலம்

தொடர்வண்டி 1918-இல் திருவனந்தபுரத்துச் சாக்கைக்கும், 1931-இல் தம்பானூருக்கும் வந்தது. 1938-இல் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. வழிப்போக்கர் பெருகினர், காசுக்கு உணவளிக்கும் கடைகளும் பெருகின. ஊட்டுப்புரையில் குலம் கேட்டுச் சோறிட்டனர். காப்பிக் கடையிலோ காசு கேட்டுச் சோறிட்டனர். இது ஒரு வகையில் விடுதலையே. எனினும் பழைய வழக்கம் எளிதில் விடவில்லை. 'பிராமணாள்' என்ற பலகைகளும், தனித்தனி இருப்பிடங்களும் தென்னாடெங்கும் நெடுநாள் நிலவின.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோயிற் கதவுகளைத் திறந்தது. 1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, மத வேறுபாடு கருதி எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. தைக்காட்டில் ஒருவர் தம் இல்லத்தளவில் செய்த அறம், நாட்டின் சட்டமாயிற்று.

இடையே உலகப் போர் மூண்டது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது திருவிதாங்கூர் மக்களின் பசியைப் பெரிதும் தணித்தது மரவள்ளிக் கிழங்கே. முன்னாளில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய பயிர் அது. நெற்சோறன்றி வேறு உணவை உணவென்று கருதாத குடும்பங்களும் அக்காலத்தில் கிழங்கின் அருமையை உணர்ந்தன.

நாம் விரும்பும் சுவைகள்

வந்தேறிகளின் உணவு ஊர்மக்களின் உணவாக மாறுவது உலகெங்கும் காணும் உண்மை. ஜப்பானியரின் தனியுணவென்று இன்று உலகம் அறியும் 'ராமென்', சீனர் கொணர்ந்த கோதுமை இழையுணவினின்றும் பிறந்தது. தோக்கியோ நகரத்து அசாகுசாவில் 1910-இல் தொடங்கப்பட்ட ராய்ராய்கென் என்னும் கடை, யோகோகாமாவிலிருந்து சீனச் சமையற்காரரை வரவழைத்தே புகழ் பெற்றது. இன்று அந்நகரத்தார் தமக்கு விருப்பமான ராமென் கடை எது என்று பெருமையோடு வாதிடுகின்றனர். அது வெளியார் உணவென்று ஒருவரும் ஒதுக்குவதில்லை.

திருவனந்தபுரத்தில் நம் போளிக்கும் அத்தகைய பேறு வாய்த்தது. கடலைப்பருப்புப் பூரணம் வைத்து, மஞ்சள் நிறத்தில் மெல்லிதாகத் தட்டிய போளியை இலையில் இட்டு, அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்ணுதல் இந்நகர விருந்தின் தனிச் சிறப்பு. நெய் தடவிய போளியைத் தனியே தின்று பழகிய தமிழ்நாட்டு உறவினர் இதனைக் கண்டு முதலில் வியப்பர். பின்னர் மறு போளி கேட்பர்! மலையாளிகளின் திருமண விருந்திலும் இப்போளி இடம்பெற்றுவிட்டது. இரசத்தில் ஊறிய இரசவடையும் அவ்வாறே எல்லார்க்கும் உரியதாயிற்று. நாமும் வாங்காமல் இல்லை. நம் அடுக்களையில் தேங்காயெண்ணெய் மணப்பதும், புட்டும் கடலையும் காலை உணவாவதும் இந்நாட்டின் கொடை.

சைவ உணவினரல்லாத அன்பர்களுக்குச் சாலைக் கடைத்தெருவில் 1949 முதல் நடந்துவரும் ரகுமானியா விடுதியின் கோழி வறுவலும் சப்பாத்தியும் நன்கு பழக்கமானவை. தம்பானூரில் இந்தியன் காப்பி ஹவுஸ் இருக்கிறது. காப்பி வாரியம் தன் கடைகளை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த ஊழியர்களை ஏ.கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். கேரளத்தில் முதற் கடை 1958-இல் திருச்சூரில் திறக்கப்பட்டது. தம்பானூர்க் கட்டடம் லாரி பேக்கர் அமைத்தது. செங்கற் கோபுரம் போன்ற அதனுள், சுற்றிச் சுற்றி ஏறும் சரிவில் மேசைகள் வரிசையாக உள்ளன. பீட்ரூட் சேர்த்த மசால் தோசையும் காப்பியும் வாங்கிக்கொண்டு, சுமை தூக்குவோரும் வழக்கறிஞரும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கக் காணலாம். தனி வரிசை என ஒன்றை அங்கே அமைக்க இடமேயில்லை.

சாலையே சாலையாகும் நாள்

மாசி மாதத்தில் ஆற்றுகால் பொங்கலன்று இவ்வட்டாரத்தின் தோற்றமே வேறு. கண்ணகியோடு இணைத்துப் போற்றப்படும் அத்தெய்வத்திற்காகப் பெண்டிர் தெருவெங்கும் மூன்று கல் கூட்டி அடுப்பேற்றுகின்றனர். 1997-இல் 15 இலட்சம் பேரும், 2009-இல் 25 இலட்சம் பேரும் திரண்டதாகக் கின்னஸ் நூல் பதிவு செய்தது. அன்று நடைவழியாகிய சாலை, பெருங்கூடமாகிய சாலையாக மாறிவிடுகிறது. பக்கத்து அடுப்பில் பொங்குபவள் எக்குலத்தவள் என்று எவரும் வினவுவதில்லை. நெருப்பும் வெல்லமும் கேட்டு வாங்கிக்கொள்கின்றனர்.

அன்பர்களே! காந்தளூர்ச் சாலையின் பழமையைக் கூறி நாம் மகிழ்கிறோம், மகிழ்தல் தகும். அதனினும் பெரிய செல்வம் தைக்காட்டுப் பந்தி. நம் குடியிருப்புகளில் நடைபெறும் விழா விருந்துகளில் முதற் பந்தி யாருக்கு, அடுத்த பந்தி யாருக்கு என்ற பேச்சு எழுமாயின், அய்யாவு சுவாமிகளை நினைத்துக்கொள்வோமாக. துப்புரவுப் பணியாளரும், பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்தாரும், வடநாட்டிலிருந்து அண்மையில் வந்து கட்டட வேலை செய்யும் இளைஞரும் நம் வரிசையில் நம்மோடு அமரட்டும். ஒருகாலத்தில் நாம் இந்நகருக்குப் புதியவராய் வந்தோம். நமக்கு இலையிட்ட நகரம் இது. அந்நன்றியைச் செலுத்தும் வழி, வருவோர்க்கு நாம் இலை விரித்தலேயாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் ஒற்றுமை!