ஒற்றைத் தாராக்குஞ்சு யாருக்குப் பின்னால் போகும்?

தாராக்குஞ்சு ஒன்றைத் தனியாக எடுத்து வளர்த்த யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "எங்க போனாலும் எனக்குப் பின்னாலயே வருது." கிணத்தடிக்குப் போனால் கிணத்தடிக்கு, கடைக்குப் போனால் படலை வரைக்கும். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். "என்னத்தான் தாயெண்டு நினைச்சிருக்கு" என்பார்கள்.

ஆலங்குடாப் பக்கத்தில் இது புதினமான விஷயம் இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு, இடையில் மணலும் தென்னையும் தோட்டமும். கோழி வளர்க்கும் வீடுகள் சிலதில் தாராவும் நிற்கும். தமிழ்நாட்டு நண்பர்கள் வாத்து என்று சொல்வதைத்தான் நாங்கள் தாரா என்கிறோம். மலையாளத்திலும் சிங்களத்திலும் கிட்டத்தட்ட இதே சொல்தான். காகம் கொத்தி, நாய் கலைத்து, கீரி பிடித்தது போக மிஞ்சுகிற ஒற்றைக் குஞ்சு யாராவது ஒரு பிள்ளையின் கைக்கு வரும். ஒரு காட்போட் பெட்டி, ஒரு பழைய துணி, சூட்டுக்கு ஒரு மின்குமிழ். அதோடு அது வீட்டு ஆளாகிவிடும்.

அந்தப் "பின்னாலயே வருது" என்ற பேச்சுக்குப் பின்னால் இரண்டாயிரம் வருஷத்து வரலாறு இருக்கிறது. அதில் ஒரு நோபல் பரிசும் இருக்கிறது, ஒரு பெரிய கறையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

எங்கட உம்மம்மாமாருக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். தாரா முட்டையைக் கோழிக்கு அடை வைக்கிறது பழைய வழக்கம். கோழி முட்டைக்கு 21 நாள், தாரா முட்டைக்கு 28 நாள். அந்த மேலதிக ஒரு கிழமையையும் கோழி பொறுமையாகப் படுத்திருக்கும். பொரித்த குஞ்சுகள் கோழிக்குப் பின்னாலேயே திரியும். தண்ணியைக் கண்டதும் குஞ்சுகள் இறங்கிவிடும், கோழி கரையில் நின்று கத்தும். ரோமாபுரியின் சிசரோ கி.மு. 45 அளவில் கடவுள்களின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில் இதே காட்சியைச் சொல்லியிருக்கிறார். கோழியைத் தாய் போல நம்பி வளர்ந்த தாராக்குஞ்சுகள், இயல்பான வீடான தண்ணியைக் கண்டதும் அவளை விட்டுப் போய்விடுகின்றன என்பது அவருடைய குறிப்பு. அதாவது வளர்த்த தாயும் உண்மை, பிறவிக் குணமும் உண்மை. ஒன்று வந்ததால் மற்றது அழிந்துபோகவில்லை.

1516இல் வெளிவந்த 'யூட்டோப்பியா' நூலில் தோமஸ் மோர் இன்னொரு படி போனார். அவருடைய கற்பனைத் தீவில் கோழி அடை காப்பதில்லை. மனிதர்களே சூடு காட்டி முட்டையைப் பொரிக்க வைப்பார்கள். வெளியே வரும் குஞ்சுகள் மனிதரையே தாயென்று எண்ணிப் பின்னால் போகும். கற்பனை நாட்டுக் கதைதான், ஆனால் அந்த ஒரு விவரம் சரியானது.

அதைச் சோதித்துப் பார்த்தவர் டக்ளஸ் ஸ்போல்டிங். முட்டையிலிருந்து வரும் கோழிக்குஞ்சுகளின் கண்ணை உடனே சின்ன முக்காட்டால் மூடி, சில நாள் கழித்துத் திறந்து பார்த்தார். ஆரம்ப நாட்களில் திறந்தால், அசைகிற எதுவானாலும் அதன் பின்னால் போயின. நாலு நாள் அளவுக்கு மூடி வைத்துத் திறந்தால், அவரைக் கண்டு பயந்து ஓடின. 1873இல் இதை எழுதினார். ஒரு கதவு கொஞ்ச நேரம் திறந்திருக்கிறது, பிறகு மூடுகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஜேர்மனியில் ஒஸ்கார் ஹைன்ரோத் 1910 வாக்கில், பொறியில் பொரித்த காட்டு வாத்துக் குஞ்சுகள் முதலில் கண்ட மனிதரை ஒட்டிக்கொள்வதைப் பதிவு செய்தார்.

ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது கொன்ராட் லோரென்ஸைத்தான். அவருடைய கதை தொடங்குவதே ஒரு ஒற்றைத் தாராக்குஞ்சில். வியன்னாவுக்குப் பக்கத்தில், டான்யூப் ஆற்றங்கரை ஊரான ஆல்டன்பேர்க்கில் வளர்ந்த பிள்ளை. செல்மா லாகர்லோவின் கதையைக் கேட்டுக் காட்டு வாத்தாகவே மாற ஆசைப்பட்டவர். அது நடக்காது என்று தெரிந்ததும் ஒரு காட்டு வாத்தாவது வேண்டும் என்றார். அதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டில் இருந்து பொரித்து ஒரு நாளான தாராக்குஞ்சு ஒன்று கிடைத்தது. அது அவருக்குப் பின்னாலேயே போனது. நோபல் பரிசு பெற்றபோது எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், குஞ்சு தனக்குப் பின்னால் வரத் தொடங்கிய அதே நேரத்தில் தன் ஆர்வமும் நீர்ப்பறவைகள் மேல் மாறாமல் பதிந்துவிட்டது என்று அவரே சொல்கிறார்.

1935இல் இதைப் பற்றிய பெரிய கட்டுரையை அவர் வெளியிட்டார். அவர் பயன்படுத்திய ஜேர்மன் சொல் 'பிரேகுங்'. நாணயத்தில் முத்திரை குத்துவதற்கான சொல் அது. ஒருதரம் குத்தினால் அழியாது என்பது அதில் அடங்கிய பொருள். காட்டுத் தாராக்குஞ்சுகள் மட்டும் அவரிடம் இலேசில் வரவில்லை. அவர் விடாமல் 'குவாக் குவாக்' என்று கத்த வேண்டியிருந்தது, நிமிர்ந்து நின்றால் அழுதன, அதனால் குந்தியபடியே புல்வெளியில் நகர வேண்டியிருந்தது. பிறகு அமெரிக்காவில் எக்ஹார்ட் ஹெஸ் நேரத்தைக் கணக்கிட்டார்: தாராக்குஞ்சுக்குப் பொரித்து 13 முதல் 16 மணித்தியாலத்துக்குள் அந்தப் பதிவு ஆக வலுவாக இருக்கிறது. 1973இல் லோரென்ஸுக்கு நிக்கோ டின்பேர்கன், கார்ல் வொன் ஃப்ரிஷ் ஆகியோரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

இனிக் கறை. 1938இல் லோரென்ஸ் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1940இல் எழுதியதில், வீட்டில் வளர்க்கப்படும் விலங்குகளின் இயல்புணர்வு கெட்டுப்போகிறது, நாகரிக வாழ்வில் மனிதருக்கும் அதுவே நடக்கிறது, அதனால் அரசு இனத்தைக் காக்கத் தகாதவர்களைக் களைய வேண்டும் என்ற பொருள்பட வாதாடினார். மனிதர்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்த ஒரு அரசுக்கு அது ஏற்ற பேச்சு. அந்தக் காலத்துச் சொற்களைப் பயன்படுத்தியதற்காகப் பிற்காலத்தில் வருந்தினார். 2015இல் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவர் இறந்த பிறகும் தான் கொடுத்த கௌரவப் பட்டத்தைத் திரும்பப் பெற்றது.

குஞ்சைப் பார்த்தவரை அவர் கண் கூர்மையானது. குஞ்சில் கண்டதை மனிதர் மேல் தூக்கி வைத்தபோதுதான் பிழை நடந்தது.

அந்த "அழியாத முத்திரை" என்ற எண்ணமும் அப்படியே நிற்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலைனாவில் கில்பர்ட் கொட்லீப் பல வருஷம் தாராக்குஞ்சுகளை ஆராய்ந்தார். பொறியில் பொரித்த, தாயைக் காணாத குஞ்சுக்குக்கூட தாராத்தாயின் அழைப்பு எது, கோழியின் அழைப்பு எது என்று பிரித்தறியத் தெரிந்தது. எப்படி? முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு கீச்சிடுகிறது. தன் குரலையும் பக்கத்து முட்டைகளின் குரலையும் கேட்கிறது. குரல் வராமல் செய்து தனியே வைத்த குஞ்சுகள் அந்த வித்தியாசத்தை அறியாமல் தடுமாறின. அதாவது எங்கள் பெட்டிக்குள் இருக்கும் ஒற்றைக் குஞ்சு ஒற்றையாகத் தொடங்கவே இல்லை. ஓட்டுக்குள் இருக்கும்போதே அதுக்கு ஒரு கூட்டம் இருந்தது. மற்ற ஆய்வாளர்களும் குஞ்சின் விருப்பம் பிறகு மாறக்கூடும் என்று காட்டினார்கள்.

இதை ஆலங்குடாவில் இருந்து எழுதும்போது ஒரு ஆசை வந்து இழுக்கும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 அன்று கொடுத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு ஆக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். ஆடு மாடு கோழியைக் கொண்டுவர வழியே இருக்கவில்லை. ஆலங்குடாவிலும் சுற்றுவட்டத்திலும் ஓலைக் கொட்டில் முகாம்கள் எழும்பின. அங்கே பிறந்த பிள்ளைகள் இன்றைக்குப் பெரியாக்கள். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "உங்கட ஊர் எது? போறீங்களா, இருக்கிறீங்களா?" ஒரு பக்கம், முதலில் கண்ட மண்தான் ஊர் என்பார்கள். மறு பக்கம், வேர் அங்கேதான் என்பார்கள்.

தாராக்குஞ்சை உதாரணம் காட்டி இதுக்குப் பதில் சொல்வது இலகு. நாங்கள் சொல்ல மாட்டோம். குஞ்சைக் காட்டி மனிதருக்குத் தீர்ப்பு எழுதினால் எங்கே போய் நிற்கும் என்று லோரென்ஸின் 1940 காட்டியிருக்கிறது. மன்னாரில் காணியும் ஆலங்குடாவில் வீடும் உள்ள ஒருவர் இரண்டையும் தன் ஊர் என்று சொன்னால், அது அவருடைய உரிமை. அதுக்குப் பறவையின் சாட்சி தேவையில்லை.

குஞ்சுக்கு வருவோம். அது பின்னால் வருவது அன்பா? பசி, குளிர், தனிமை, பயம் எல்லாம் சேர்ந்த ஒரு தேவை என்று சொல்வதுதான் நேர்மை. தாரா கூட்டத்தில் வாழும் பறவை. குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயலுக்கு வயல் நூற்றுக்கணக்கில் ஓட்டிப் போவார்கள். தனித் தாரா என்று ஒன்று அங்கே இல்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு பெட்டிக்குள் இருந்து கேட்கும் அந்தக் கீச்சுச் சத்தம், கூட்டத்தைத் தேடுகிற சத்தம்.

அதனால் காப்பாற்றினால் முழுசாகக் காப்பாற்றுங்கள். முதலில் அது எந்தக் குஞ்சு என்று பாருங்கள். கருமையில் வெள்ளைப் பட்டைகள் இருந்தால், ஆனைவிழுந்தான் போன்ற குளங்களில் வாழும் சிறகியின் குஞ்சாக இருக்கலாம். தாய் பக்கத்தில் நின்றால் தொடாமல் விடுங்கள். இல்லாவிட்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுத் தாரா என்றால், தாயில்லாக் குஞ்சைத் தண்ணியில் நெடுநேரம் விடவேண்டாம், நனைந்து விறைத்துவிடும். களப்புத் தண்ணி கொடுக்கவே வேண்டாம், சின்னக் குஞ்சால் உப்பைத் தாங்க முடியாது. கோழிக்குஞ்சுத் தீன் மட்டும் போட்டால் நியாசின் குறைந்து கால் வளையும். எல்லாத்தையும் விட முக்கியமாக, அதே வயதில் இன்னொரு தாராக்குஞ்சைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு கோழிக்குஞ்சாவது.

இரண்டாவது வந்த பிறகு உங்களுக்குப் பின்னால் வருவது குறைந்துபோகலாம். அதுக்குக் கவலைப்பட வேண்டாம். இரண்டும் ஒன்றோடு ஒன்று கதைத்துக்கொண்டு கிணத்தடிச் சேற்றைக் கிண்டட்டும்.